ஈயப் பட்டறையில் ஒரு மசக்கை

பஞ்சநதத்தின் ஈயப் பட்டறையில் டீ வரத் தவறலாம், கரண்ட் இருக்கத் தவறலாம், வெல்லம் மட்டும் தவறவே தவறாது.

காலையில் அடுப்பு மூட்டி முதல் சட்டி ஈயம் உருகித் தளதளக்கிற நேரத்துக்கு முதலாளி பஞ்சநதம் எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்பார். தட்டு நிறைய அச்சு வெல்லம். கும்பகோணத்துப் பக்கம் ஆள் சொல்லி வரவழைத்தது. ஆளுக்கு ஒன்று. சாயங்காலம் அடுப்பை அணைக்கும்போது மறுபடி ஆளுக்கு ஒன்று. கொடுப்பதையும் ஏனோதானோ என்று கொடுக்கமாட்டார். குருக்கள் விபூதி கொடுக்கிற மாதிரி ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கொடுப்பார்.

"வாயில போட்டு அதக்கிக்க. கடிக்காத. மெதுவா கரையணும். உள்ள போயி அங்கங்க ஒட்டிக் கிடக்கிற ஈயத்தூளையெல்லாம் வழிச்சு வாரிக்கிட்டு வெளிய வந்துரும்."

எந்த வழியாக வரும் என்று துரைராசு ஒரு தரம் கேட்டான். அன்றைக்குப் பூராவும் முதலாளி அவனோடு பேசவில்லை.

முத்துப்பேட்டை போகிற ரோட்டில், பாமணியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தகரம் போட்ட கொட்டகைதான் பட்டறை. டிராக்டர் பேட்டரி, லாரி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என்று உயிர்போனதெல்லாம் இங்கே வந்து சேரும். துரைராசு கோடாலியால் பிளப்பான். உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை உதறி எடுப்பது ரஹ்மத் பீவியின் வேலை. உருக்கி, கரண்டியால் மொண்டு, அச்சில் ஊற்றுவது வீரையன். ஆறினால் ஈயக்குண்டு. முத்துப்பேட்டைக்காரர்கள் அதை வலையில் கோத்துக் கடலுக்குள் இறக்குவார்கள்.

வேலை முடிகிற நேரத்தில் மூன்று பேரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். வெளுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல். "எம் மருமவ பூசுற பவுடரு மத்தியானமே போயிருது. இது பாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குது" என்பாள் ரஹ்மத் பீவி.

துரைராசுக்குச் சக்கரை வியாதி. அதனால் அவன் பங்கு வெல்லத்தை வீரையன் வாங்கிக்கொள்வான். தன்னுடையதை வாயில் போட்டுக்கொண்டு, துரைராசுடையதை லுங்கி மடிப்பில் சொருகிக்கொள்வான். அது வீட்டுக்கு.

வீட்டில் சுடர்விழி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. ஊர் பேசிப் பேசி ஓய்ந்து, பேசுவதற்கு வேறு ஆளைத் தேடிப்போன பிறகு, இப்போது நாலாம் மாசம். வீரையனுக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது. மழை வந்தால் வரட்டும், மேட்டூரில் தண்ணீர் திறந்தால் திறக்கட்டும், இந்தப் பிள்ளை குறையில்லாமல் வந்து சேர்ந்தால் போதும். தான் தின்கிற மருந்து பிள்ளைக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் அந்த வெல்லம்.

"இந்தா புள்ள."

"அப்படி மாடத்துல வைங்க. அப்புறமா சாப்பிடுறேன்" என்பாள் சுடர்விழி. மறுநாள் பார்த்தால் மாடத்தில் இருக்காது. வீரையனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நெஞ்சு நிறைந்தது சரி. வயிறுதான் சரியில்லை. கொஞ்ச நாளாக யாரோ உள்ளே உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கியது. வெளிக்குப் போவதும் வாரத்தில் ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்தான். ஓமம் தின்றான். பத்தாததற்கு மறதி. கறிவேப்பிலை வாங்கப் போனவன் பினாயில் பாட்டிலோடு திரும்பி வந்தான். கோபமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவியதற்கு, "என்னடா, என்னையவா அதட்டுற?" என்று அதோடு சண்டைக்குப் போனான்.

"சேவலு பதில் சொல்லுச்சா?" என்று கேட்டாள் சுடர்விழி.

"அது ஏன் சொல்லுது. திமிரு புடிச்சது."

அந்த மாசம் செக்கப்புக்குச் சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் கதை திரும்பியது. டாக்டர் ஷோபனா சின்ன வயசுக்காரி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண். பேச்சில் படபடப்பு இருக்கும், ஊசியில் இருக்காது. சுடர்விழிக்கு ரத்தம் கம்மி, நம்பர் பத்துக்குக் கீழே இருக்கிறது, ஏற்றியாக வேண்டும் என்று மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர், சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி நிற்கிற வீரையனைப் பார்த்தார்.

"மாசமா இருக்கிறது இவங்களா, நீங்களா?"

"கேஸும்மா."

"வாயைத் திறங்க." உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்த்தார். பல்லடியில் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு. "என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னான். டாக்டரின் பேனா நின்றுவிட்டது. பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் ரத்தம் கொடுக்க வரவேண்டும் என்றார். வீரையன் தயங்கித் தயங்கி முதலாளியிடம் சொன்னான். பஞ்சநதம் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு, "என் ஆளுங்களுக்கு ஊசின்னா எனக்கும் ஊசிதான்" என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் வந்து வரிசையில் நின்றார். ஊசி குத்தும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார்.

ரத்தம் தஞ்சாவூருக்குப் போனது. அங்கேயிருந்து எங்கேயோ போனதாம். நாளாகி, ஒருநாள் காலையில் முதலாளி செல்லுக்கு நர்சம்மா போன் செய்தார். முதலாளி பேசி முடித்து, தட்டையும் மறந்துவிட்டு, கொட்டகைக்குள் ஓடி வந்தார்.

"நம்பரு வந்துருச்சு! எல்லாரையும் நாளைக்கு டாக்டரம்மா வரச்சொல்லியிருக்காங்க. வீரையன் முதல்ல வரணுமாம். ஏன் தெரியுமா? அவனுக்குத்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி. அம்பத்தெட்டு!"

இப்போது நீங்களே சொல்லுங்கள். சுடர்விழிக்கு ரத்தத்தில் நம்பர் குறைச்சல், அதனால் ஆபத்து, ஏற்று ஏற்று என்று டாக்டரே சொன்னார். ரத்தத்து நம்பர் ஏறினால் நல்லது என்பது பட்டறைக்கே தெரிந்த சேதி. அம்பத்தெட்டு என்றால் சும்மாவா?

"யா அல்லா! தம்பி, ஒடம்பா அது, உருக்கு!" என்று ரஹ்மத் பீவி நெட்டி முறித்தாள்.

"எனக்கு நாப்பத்தொம்பது" என்றார் முதலாளி. சொல்லும்போது குரல் லேசாக இறங்கியது. தன்னிடம் வேலை பார்க்கிறவன் தன்னை முந்திவிட்டான் என்பதில் மனுஷனுக்கு உள்ளூர வருத்தம். "போவுது. ரெண்டாவது எடமும் எடந்தான். பீவி நாப்பத்தி ஒண்ணு."

"எனக்கு?" என்றான் துரைராசு.

முதலாளி அவன் தோளில் கையைப் போட்டார். "மனசைத் தேத்திக்க. பதினேழு."

துரைராசு கோடாலியைக் கீழே வைத்தான். "என்ன மொதலாளி இது? நானும் இவங்ககூடத்தானே வேல பாக்குறேன். காட்டுத்தனமா ஒடைக்கிறது நானு, நம்பரு அவனுக்கா?"

"வெல்லம் சாப்புட்டியா நீயி? சாப்புடல. அதான். நான் தலையால அடிச்சிக்கிட்டேன். இப்பவாச்சும் வெல்லத்தோட அருமை தெரியுதா?"

அன்றைக்குச் சாயங்காலம் துரைராசு தட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். கையை நீட்டப்போனான். சக்கரை டாக்டரின் முகம் ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டான்.

வீரையன் முதல் மார்க் எடுத்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மிக்சர் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அந்த யோகம் வாய்த்ததில்லை. வயிறு முறுக்கியது. அதையும் பெருமையோடு பொறுத்துக்கொண்டான்.

"உனக்குப் பத்துக்குக் கீழ. எனக்கு அம்பத்தெட்டு, தெரியும்ல?"

"அவ்வளவு வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள் சுடர்விழி.

"எடுத்துக்க" என்று கையை நீட்டினான். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் டாக்டர் முன்னால் நாலு பேரும் நின்றார்கள். முதலாளி வேட்டி மாற்றி வந்திருந்தார். சுடர்விழி வெளியே பெஞ்சில் இருந்தாள். டாக்டர் வீரையனைப் பார்த்து, "எப்படிங்க இந்த அளவுக்கு வந்துச்சு?" என்றார்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதந்தான்" என்றான் வீரையன் அடக்கமாக.

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ. அது வேற நம்பர்ங்க, இது வேற. அவங்களுக்குப் பார்த்தது ரத்தத்தோட சத்து. உங்களுக்குப் பார்த்தது ரத்தத்துல கலந்திருக்கிற ஈயம். ஈயம் உடம்புக்கு விஷம். அது இருக்கவே கூடாது. அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம். வயித்து வலி, மலச்சிக்கல், மறதி, சும்மா சும்மா கோவம், எல்லாம் அதனாலதான். இப்படியே விட்டா கை மணிக்கட்டு தொங்கிப்போயிரும், கிட்னி கெட்டுப்போயிரும்."

முதலில் வாயைத் திறந்தவன் துரைராசுதான்.

"அப்ப நான்தான் பாஸா?"

"நீங்களும் பெயில்தான். இவங்க அளவுக்கு மோசமில்ல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். பிறகு காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. ஒரே கொட்டகை, ஒரே புகை. உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி? முகமூடி போடுவீங்களா?"

"முகத்துக்கா? என் மூஞ்சிக்கு அதெல்லாம் எதுக்கும்மா."

"அவன் வெல்லம் சாப்புட மாட்டாம்மா" என்றார் பஞ்சநதம். வெல்லத்தின் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. "நாங்கல்லாம் ரெண்டு வேளை சாப்புடுவோம். ஈயத்தை அது வெளிய..."

"வேலைக்கு நடுவுலயா? எந்தக் கையால?"

நாலு பேரும் தங்கள் கையைப் பார்த்தார்கள். குளித்துவிட்டு வந்த கைதான். நகக்கண்ணிலும் ரேகையிலும் சாம்பல் அப்படியே இருந்தது. அந்தக் கையால் வாங்கி, அந்தக் கையால் உருட்டி, அந்த விரலையும் நக்கியிருக்கிறார்கள்.

"வெல்லத்துமேல தப்பில்ல. வெல்லம் பாவம். ஆனா அது ஈயத்தை வெளிய கொண்டுவராது. உங்க கையில இருந்த தூளைத் தினம் ரெண்டு வேளை உள்ள கொண்டுபோய் விட்டிருக்கு" என்றார் டாக்டர்.

பஞ்சநதம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வீரையனுக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. அவன் கை தானாக இடுப்பு மடிப்புக்குப் போயிருந்தது. காதுக்குள் அடுப்பு ஊதுகிற மாதிரி ஒரு இரைச்சல்.

"அம்மா, அதை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, வேற ஒருத்தருக்குக் குடுத்தா?"

"யாருக்கு?"

வாசல் பெஞ்சைப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். "வயித்துல இருக்கிற பிள்ளைக்கு அம்மா ரத்தம்தாங்க வழி. அம்மாவுக்குள்ள போறது அங்கேயும் போகும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் சுடர்விழியை உள்ளே கூப்பிட்டார்.

"இவர் கொண்டுவந்த வெல்லத்தைத் தினம் சாப்பிட்டீங்களா?"

சுடர்விழி புருஷனைப் பார்த்தாள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு புள்ள."

"ஒண்ணுகூடச் சாப்புடலைங்க."

"என்னது?"

"அதைக் கிட்ட கொண்டுபோனாலே கொமட்டும். உங்க லுங்கி வாசமும் வேர்வையும் சேர்ந்து... நீங்க ஆசையா கொண்டாறீங்களேன்னு வாங்கி வச்சிட்டு, நீங்க தூங்கினதும் கொல்லையில வீசிருவேன். எறும்புங்க தின்னிருக்கும்."

தினம் மடிப்பில் சொருகிக்கொண்டுபோய்க் கொடுத்ததை வீசிவிட்டாள் என்று வீரையனுக்குக் கோபம் வரப் பார்த்தது. அது பாதி தூரம் வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரிப்பு முடியுமுன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லவேளை புள்ள. ஒன்பது வருஷமா எம் பேச்சைக் கேக்காததுல இதுதாண்டி நல்ல காரியம்" என்றான்.

"வழக்கமா கேக்குறதில்லதானே" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

டாக்டர் சிரிக்கவில்லை. "இவர் துணியை யார் துவைக்கிறது? உதறி உதறித்தானே போடுவீங்க? அந்தத் தூளும் மூச்சுல போகும், கையில ஒட்டும். உங்களுக்கும் பார்த்திருவோம்" என்று சொல்லி அவளுடைய ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். வீரையன் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஒரு சீட்டு எழுதினார். இனிமேல் அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார். பஞ்சநதத்திடம், புகைபோக்கி வைக்கிற வரைக்கும் அடுப்பை மூட்டவே கூடாது, மூட்டினால் மேலே எழுதிவிடுவேன் என்றார்.

அவள் ரத்தச் சோதனை முடிவு வருகிற வரைக்கும் வீரையன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைத் தின்றுகொண்டு வாய்க்கால் கரைப் பம்புசெட் கொட்டகையில் படுத்துக்கொண்டான். சுடர்விழி தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தால், "அங்கயே வையி, கிட்ட வராத" என்று கத்துவான். போகிறவர் வருகிறவரெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்று கேட்டார்கள். "ஆமாங்க, அவருக்கு மசக்கை. என் வாசம் புடிக்கலையாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள் சுடர்விழி.

நம்பர் பதினொன்று என்று வந்தது.

சத்து இல்லை, ஈயம். வெல்லம் தின்னாமலே, துணி துவைத்தே பதினொன்று. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று வீரையன் கேட்டான். டாக்டர் நேராகவே பதில் சொன்னார். "ஸ்கேன்ல பிள்ளை நல்லா வளர்ந்திருக்கு. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். இத்தோட நிறுத்தினா குறையும். பால், கீரை, மாத்திரை, எதையும் விடாதீங்க. பட்டறையிலேருந்து ஒரு துண்டு, ஒரு லுங்கிகூட உங்க வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது. குளிச்சு, வேற துணி போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரணும்."

குளிக்கிறதென்றால் எங்கே குளிக்க? பட்டறையில் இருந்தது ஒரு டிரம். அதில் சூடான அச்சை முக்குவார்கள். அதே தண்ணீரில் கை கழுவுவார்கள். குழாய் வேண்டும் என்று வீரையன் முதலாளியிடம் கேட்கப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"கேட்டீங்களா?" என்றாள் சுடர்விழி.

"கேக்கல. மனுஷன் வெல்லத் தட்டை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. பாத்தா பாவமா இருந்துச்சு."

"உங்களுக்கு எல்லாரையும் பாத்தா பாவமா இருக்கும். உள்ள இருக்கிறதப் பாத்தா இல்லையா?" சுடர்விழி புடவையை உதறிக் கட்டினாள். கூந்தலை முடிந்தாள். புறப்பட்டுவிட்டாள்.

அடுப்பு அணைந்து கிடந்ததால் பட்டறையில் உடைப்பு வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. வயிறு முன்னால் வர அவள் வருவதைப் பார்த்ததும் பஞ்சநதம் பதறி எழுந்தார். "உள்ள வராதம்மா! தூளு!" ரோட்டோரப் புங்கமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். இளநீர் வெட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். முழுகாமல் இருக்கிற பெண் வாசலுக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய மனுஷனும் கேட்காமல் விடமாட்டான்.

"என்ன ஆசைப்படுறம்மா? எதுவானாலும் கேளு."

கேட்காமல் விடமாட்டான் என்றேன். ஏன் என்றால், புள்ளத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னால், பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பாவத்தைச் சுமக்க யாருக்கும் தைரியம் இருக்காது. வெல்லத்தை அந்த அளவுக்கு நம்பின பஞ்சநதம் இதை எந்த அளவுக்கு நம்புவார் என்று சுடர்விழிக்குத் தெரியும். வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.

"கேட்டா குடுப்பீங்களா மொதலாளி?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? மாங்கா வேணுமா? முத்துப்பேட்டை நண்டு வேணுமா? சொல்லு, இப்பவே ஆள் அனுப்புறேன்."

"எனக்கு ஒரு குளியல் ரூமு மேல ஆசையா இருக்கு."

கொட்டகைக்குள் கோடாலிச் சத்தம் நின்றது.

"என்னது?"

"குளியல் ரூமு. பட்டறையில. குழாயில தண்ணி சளசளன்னு விழணும். பக்கத்துல சோப்பு. நெனைச்சா நாக்குல எச்சி ஊறுது மொதலாளி."

பஞ்சநதம் துரைராசைப் பார்த்தார். துரைராசு வானத்தைப் பார்த்தான்.

"அதெல்லாம் ஆசை இல்லம்மா. ஆசைன்னா வாயில போடுற மாதிரி ஏதாச்சும்..."

"மொதலாளி," என்றான் துரைராசு, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "காது."

"நீ சும்மா இருடா. சரிம்மா, ஒரு குழாய் வச்சித் தாரேன். போதுமா?"

"குழாய் மட்டும் போட்டா அரைகுறை ஆசையா போயிருமே. குளிச்சிட்டுத் துணி மாத்த ஒரு மறைப்பு. அழுக்குத் துணி இங்கேயே கெடக்க ஒரு பெட்டி. அதை இங்கேயே அலச ஒரு தொட்டி. அப்புறம், உசரமா ஒரு புகைபோக்கி. அதுமேல எனக்கு ரொம்ப நாளா ஏக்கம்."

"புகைபோக்கி மேலயா?"

"கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

"ஏம்மா, அஞ்சு மாசம் ஆயிருச்சு. மசக்கையெல்லாம் இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே?"

"ஒன்பது வருஷம் லேட்டா வந்தது மொதலாளி. போறதுக்கும் லேட்டாகும்ல."

ரஹ்மத் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "எம் பெரியவன் வயித்துல இருக்கும்போது ஒரு பலாச்சுளை கேட்டேன் மொதலாளி. எங்க மாமியா தரல. இன்னி வரைக்கும் அவனுக்கு ஒரு பக்கத்துக் காது..."

"போதும்! போதும் பீவி!" பஞ்சநதம் இரண்டு கையாலும் தன் காதையே பொத்திக்கொண்டார். பிறகு கையை இறக்கி, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கையிலும் சாம்பல்தான். "இது மசக்கையா, சங்கமா? ஒரு எழவும் புரியல. சரி, கட்டித் தாரேன். இன்னும் ஏதாச்சும் ஆசை பாக்கி இருக்கா?"

"அவரு இனிமே அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னு ஒரு சின்ன ஆசை."

"அடுப்புக்கு வேற ஆளுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று ஆரம்பித்தவர், துரைராசு தொண்டையைச் செருமியதும் நிறுத்திக்கொண்டார். "சரி, நம்ம வயல்ல தாளடி நடவு போட்டுக் கெடக்கு. தண்ணி பாக்க ஆளில்ல. அங்க போகட்டும். ஆசை தீர்ந்துச்சா தாயி?"

"இன்னும் நாலு மாசம் இருக்கே மொதலாளி" என்றாள் சுடர்விழி. இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தாள்.

கொத்தனார் வந்தார். தொட்டி வந்தது, குழாய் வந்தது. புகைபோக்கி வர நாளாயிற்று. வருகிற வரைக்கும் அடுப்பு எரியவில்லை. பஞ்சநதம் தினம் அணைந்த அடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் குளியல் ரூமில் முதலில் போய்க் குளித்தது அவர்தான். உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. கால்வழியே ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். "எம் மேலயா இவ்வளவு?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

வீரையன் நடவு வயலில் மடை திறந்துவிட்டு, மடை அடைத்துவிட்டு, வரப்பில் குந்தியிருந்தான். வயிற்று முறுக்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் பல தடவை போகவேண்டும் என்றார்கள். எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது லேசில் இறங்காதாம். அவனுக்கு அதைப்பற்றி அவ்வளவு நினைப்பில்லை. சுடர்விழியின் நம்பர் ஏழாம் மாசத்தில் இறங்கியிருந்தது. பாதிக்கும் கீழே. டாக்டர் ஷோபனா அதைச் சொல்லும்போதுதான் முதல்தடவையாக அவர் சிரித்து அவன் பார்த்தான்.

அன்றைக்கு வயலிலிருந்து வந்தவன் வாய்க்காலில் குளித்தான். வீட்டுக் கொல்லையில் வாளித் தண்ணீரில் மறுபடி குளித்தான். காய்ந்த துண்டும் புது லுங்கியுமாக வாசலில் வந்து நின்றான். பம்புசெட் கொட்டகையிலிருந்து அவனை எப்போதோ வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள் என்றாலும், அவளைத் தொடுவதற்கு அவனுக்கு இன்னும் பயம். சாப்பாட்டுத் தட்டைக்கூட எட்ட நின்று நீட்டுவான்.

"சீக்கிரம் வாங்க. உள்ள இருக்கிற ஆளு முழிச்சிருக்கு. கையை வைங்க" என்றாள் சுடர்விழி, சுவரில் சாய்ந்தபடி.

வீரையன் வலது கையை மோந்து பார்த்தான். சோப்பு வாசம். திருப்பி, நகக்கண்ணைப் பார்த்தான். இடது கையையும் மோந்தான். இன்னொரு தரம் வலது கைக்கு வந்தான்.

"நீங்க மோந்து முடிக்கிறதுக்குள்ள பொறந்து, பள்ளிக்கூடம் போயிரும்."

பயந்து பயந்து வைத்தான். கைக்கு அடியில், மடையில் மீன் துள்ளுகிற மாதிரி, நல்ல வலுவாக ஒரு உதை விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"அம்மாடி! யாரை உதைக்குது இது?"

"உங்களத்தான்" என்றாள் சுடர்விழி.